நோட்டு வரிசைக் குரங்கு

அந்தக் கடை கொஞ்சம் பெரிய கடை. எவ்வளவு பெரியது என்றால், ஒரு கோடியில் பால் பாக்கெட்டை எடுத்தவர் மறு கோடிக்குப் பணம் கட்ட வருவதற்குள் அது தயிராகிவிடும். கடைக்காரர்கள் நல்லவர்கள். பால் விலைதான் வாங்குவார்கள்.

நடு வழியில் நாற்காலி விற்கும் வரிசை ஒன்று இருந்தது. களைப்பாக வந்து அதில் உட்கார்ந்த ஒருவர், தாம் எதை வாங்க வந்தோம் என்பதை மறந்து, கடைசியில் அந்த நாற்காலியையே வாங்கிக்கொண்டு போனார். வாசலில் நிற்கும் செக்யூரிட்டி மாமா இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். அவர் பொய் சொல்ல மாட்டார். சொன்னாலும் உட்கார்ந்துகொண்டு சொல்ல மாட்டார்.

இவ்வளவு பெரிய கடையில் விலை எழுதிய காகிதம் ஒன்றுகூடக் கிடையாது. ஒவ்வொரு அடுக்கின் விளிம்பிலும் தீப்பெட்டி அளவில் ஒரு சின்னத் திரை ஒட்டியிருக்கும். அதற்கு லேபிள் என்று பெயர். பின்னறையில் ஒருவர் உட்கார்ந்து கணினியில் தட்டினால், கடையில் இருக்கும் லேபிள் ஒருமுறை கண் சிமிட்டிவிட்டுப் புது விலையைக் காட்டும்.

வரிசைக்கு ஒரு கேமராவும் உண்டு. கட்டைவிரல் உயரம்தான். அடுக்கில் சரக்கு இருக்கிறதா, காலியாகிவிட்டதா என்று பார்ப்பது அதன் வேலை. லேபிளுக்கும் கேமராவுக்கும் சட்டைப் பொத்தான் போல ஒரு குட்டிப் பேட்டரி.

பின்னறையில் உட்கார்ந்து இத்தனையையும் மேய்த்துக்கொண்டிருந்தவர் கட்டெறும்பின் அம்மா.

கட்டெறும்பு என்பது ஒரு சிறுமி. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர் இருக்கிறது. நல்ல பெயர்தான். ஆனால் ஓரிடத்தில் நிற்காமல் அவள் ஊர்ந்துகொண்டே இருந்ததால் செக்யூரிட்டி மாமா வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் வகுப்பில் டீச்சரே வாய் தவறி "கட்டெறும்பு" என்று கூப்பிட்டுவிட்டார். முன்வரிசைப் பிள்ளைகள் எல்லாரும் காலைத் தூக்கி பெஞ்சில் வைத்துக்கொண்டார்கள்.

அப்பாவுக்கு ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை. ஊர் எழுந்ததும் தின்கிற ரொட்டியை ஊர் தூங்கும்போதுதானே சுட வேண்டும்? அதனால் இருட்டத் தொடங்கியதும் அப்பா கிளம்பிவிடுவார். காலையில் அவர் மாவு வாசனையோடு திரும்பி வருவதற்குள் அம்மா கடைக்குப் போயிருப்பார்.

அம்மா வந்த பிறகு, அப்பா போவதற்கு முன்பு, சாயங்காலத்தில் ஒரு சாப்பாட்டு நேரம் இருந்தது. அந்த வீட்டில் மூன்று பேரும் ஒன்றாக இருந்தது அப்போது மட்டும்தான். மேசையில் மூன்று தட்டு. அப்பா கதை அளப்பார். அம்மா சிரித்துப் புரையேறுவார். கட்டெறும்பு அம்மாவின் தலையில் தட்டுவாள். பெரியவர்கள் தலையில் தட்டுவதற்கு வேறு எப்போது வாய்ப்புக் கிடைக்கும்?

கொஞ்ச நாளாக அந்த நேரம் காணாமல் போய்விட்டது.

கடையில் லேபிள்கள் செத்துக்கொண்டே இருந்தன. செத்ததற்கெல்லாம் புதுப் பேட்டரி போட்டுவிட்டுத்தான் அம்மா வீட்டுக்குக் கிளம்பலாம். அது கடையின் சட்டம். அதனால் அம்மா மாடிப்படி ஏறும்போது அப்பா இறங்கிக்கொண்டிருப்பார்.

"சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்" என்பார் அப்பா.

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. பாப்பாவுக்குக் கணக்குல கொஞ்சம் பாக்கி இருக்கு."

"குடை எடுத்துக்கிட்டீங்களா?"

"மழையே இல்லையே."

"வந்தா?"

"வந்தா நனையறேன்."

அவ்வளவுதான் பேச்சு. கட்டெறும்பு மேல் படியில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பாள். அங்கிருந்து பார்த்தால் அப்பாவின் வழுக்கையும் அம்மாவின் வகிடும் ஒரு படியில் சந்திப்பது தெரியும். பிறகு வகிடு மேலே வரும். வழுக்கை கீழே போகும்.

ஒருநாள் அம்மா தனியாகச் சாப்பிட்டு முடித்ததும் கட்டெறும்பு தட்டைக் கழுவினாள். "மொதல்ல அப்பா தட்டு, அப்புறம் என் தட்டு, கடைசியா உன் தட்டு. மூணு தடவை கழுவ வேண்டியிருக்கு. மூணையும் ஒண்ணாப் போட்டுக் கழுவி எவ்வளவு நாளாச்சு தெரியுமா?" என்றாள்.

"சோப்பு நிறைய செலவாகுதா?" என்று கேட்டார் அம்மா.

"சோப்பு இல்லம்மா" என்றாள் கட்டெறும்பு. அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அம்மாவைப் பார்ப்பதற்கு அவளுக்கு வேறு ஒரு வழி இருந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில்தான் கடை. பின்னறைக்குள் வெளியாட்கள் போகக் கூடாது. அம்மாவும் வேலை நேரத்தில் திரையை விட்டு எழுந்து வெளியே வரக் கூடாது. அதனால் அம்மா முன்பு ஒருநாள் சொல்லியிருந்தார். "நோட்டு வரிசையில ஒரு கேமரா இருக்கு. போற வழியில அதுக்கு முன்னால ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போ. நான் உள்ள இருந்து பார்த்துக்கிறேன்."

முதல் நாள் கட்டெறும்பு போய் நின்று கையை மட்டும் ஆட்டினாள். ரப்பர் தொங்கும் கொக்கிகளுக்குக் கீழே ஒரு காலிக் கொக்கி. அதன் லேபிளில் விலை எதுவும் இல்லை. அது திடீரென்று கண் சிமிட்டியது. எழுத்து வந்தது.

'பார்த்துட்டேன்.'

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து கட்டெறும்புக்குக் கை மட்டும் போதவில்லை.

அன்றன்று நடந்ததையெல்லாம் கேமராவுக்கு நடித்துக் காட்டினாள். விழுந்த பல்லைக் காட்டினாள். பல் விழுந்த இடத்தைக் காட்டினாள். பக்கத்து பெஞ்சுப் பையன் மை கொட்டியதை, டீச்சர் அதில் வழுக்கியதை, வழுக்கிய டீச்சர் வழுக்காததுபோல் நடந்ததை எல்லாம் ஆடிக் காட்டினாள். கணக்குப் பரீட்சையில் வாங்கிய மதிப்பெண்ணை விரல்களால் காட்டியபோது நிறைய விரல்கள் மிச்சமிருந்தன.

ஒவ்வொன்றுக்கும் லேபிளில் பதில் வந்தது. 'அப்புறம்?' என்றது. 'ஐயையோ' என்றது. 'மிச்ச விரல் எங்கே?' என்றது.

ஒருநாள் 'மூக்கைத் துடை' என்று வந்தது. கட்டெறும்பு துடைத்துக்கொண்டு போய்விட்டாள். எழுத்து அப்படியே நின்றது. பின்னால் ரப்பர் வாங்க வந்த பெரிய மனிதர் ஒருவர் அதைப் படித்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, ரப்பர் வாங்காமலே போனார்.

இன்னொரு நாள் 'நேரா வீட்டுக்குப் போ' என்று வந்தது. அதைப் படித்த ஓர் அம்மாள் கூடையை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். வீட்டில் அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்ததாம். மறுநாள் வந்து மேனேஜருக்கு நன்றி சொன்னார். மேனேஜர் எதற்கென்று தெரியாமலே வாங்கி வைத்துக்கொண்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ரிப்பேர் அக்கா வந்தார்.

பேட்டரி இத்தனை வேகமாகச் சாவது ஏன் என்று பார்ப்பதற்காக லேபிள் கம்பெனியிலிருந்து அவரை அனுப்பியிருந்தார்கள். கட்டெறும்பு அன்று கடைக்கு வந்தபோது, அக்கா நோட்டு வரிசையில் ஏணிமேல் உட்கார்ந்து வாயில் ஸ்க்ரூ டிரைவரைக் கவ்விக்கொண்டிருந்தார். கீழே மேனேஜரும் செக்யூரிட்டி மாமாவும் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஏணி அசையவில்லை. மேனேஜர்தான் அசைந்தார்.

"பேட்டரியே மட்டமா?" என்றார் மேனேஜர்.

அக்கா ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். "பேட்டரி நல்ல பேட்டரிதான் சார். சோப்பு வரிசையில இதே பேட்டரிதான் இருக்கு. போட்டது போட்டபடி இருக்கு. நோட்டு வரிசையில மட்டும்தான் சாகுது."

"நோட்டுக்கு என்ன வந்துச்சு?"

"லேபிள் எழுத்தைக் காட்டிக்கிட்டு சும்மா நின்னா சக்தியே செலவாகாது. எழுத்தை மாத்தும்போதுதான் செலவு. கேமராவும் அப்படித்தான், தூங்கிக்கிட்டே இருக்கும். எதிர்ல ஏதாவது அசைஞ்சா முழிச்சு ஒரு படம் எடுக்கும். அந்தப் படத்தைப் பக்கத்து லேபிள் கையில குடுக்கும். அது அடுத்த லேபிள் கையில குடுக்கும். செங்கல் கை மாத்தற மாதிரி மாத்தி மாத்திப் பின்னறைக்குப் போகும். ஒரு படத்துக்கு இந்த வரிசை முழுக்க முழிச்சுக்கணும்."

"வர்றவங்க போறவங்க அசையத்தானே செய்வாங்க?"

"அவங்க வந்தா ஒரு படம், போனா ஒரு படம். இங்க அப்படி இல்ல. சாயங்காலமானா படம் படமா எடுத்துத் தள்ளியிருக்கு. குரங்கு மாதிரி ஏதோ ஒண்ணு இதுக்கு முன்னால குதிச்சுக்கிட்டே இருக்கு சார்."

குதிக்கத் தூக்கிய காலைக் கட்டெறும்பு மெதுவாகக் கீழே வைத்தாள்.

செங்கல் கை மாறுவதுபோல அவளுக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. அவள் ஆடினால் கேமரா விழிக்கும். கேமரா விழித்தால் வரிசை முழுக்க விழிக்கும். விழித்து விழித்துப் பேட்டரி சாகும். செத்தால் அம்மா ஏணி ஏற வேண்டும். அம்மா ஏணி ஏறினால் அப்பா படி இறங்கிவிடுவார்.

அவள் சத்தமில்லாமல் வெளியே வந்தாள்.

ரிப்பேர் அக்கா சொன்னது 'குரங்கு மாதிரி'. அதில் 'மாதிரி' என்பது பணம் கட்டும் இடத்துக்கு வருவதற்குள் உதிர்ந்துவிட்டது. கடை மூடுவதற்குள் அங்கே உண்மையாகவே ஒரு குரங்கு வந்துவிட்டது. ஒருவர் அதன் வாலைப் பார்த்திருந்தார். இன்னொருவரிடம் அது பென்சில் விலை கேட்டிருந்தது. மறுநாளிலிருந்து செக்யூரிட்டி மாமா வாசலை விட்டுவிட்டு, கையில் குடையோடு நோட்டு வரிசையில் காவல் நின்றார்.

மறுநாள் கட்டெறும்பு கடைக்குப் போகவில்லை.

அம்மாவிடம் சொல்லலாமா என்று யோசித்தாள். சொன்னால் அம்மா 'பரவாயில்ல, நீ வா' என்பார். அம்மாவை அவளுக்குத் தெரியும். ஆகவே சொல்லவில்லை.

கடை வந்ததும் எதிர்ச் சாரிக்கு மாறினாள். பையைத் தோளிலிருந்து எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். அன்றைக்குப் பார்த்து அவளிடம் பெரிய செய்தி ஒன்று இருந்தது. அவள் வரைந்த படத்தை டீச்சர் வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்தார். சும்மா ஓரமாக இல்லை, கரும்பலகைக்குப் பக்கத்தில். அதை அம்மாவிடம் எப்படி நடித்துக் காட்டுவது என்றுகூட அவள் யோசித்து வைத்திருந்தாள். சொல்லாத செய்தி வயிற்றில் உருண்டையாக உட்கார்ந்திருந்தது.

கண்ணாடி வழியாக நோட்டு வரிசையின் ஓரம் தெரிந்தது. காலிக் கொக்கியும் தெரிவதுபோல் இருந்தது. அங்கிருந்து அது தெரியாது. ஆனாலும் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

வீட்டுக்கு வந்ததும் மேசையில் மூன்று தட்டை வைத்தாள்.

"என்ன, யாராவது வராங்களா?" என்றார் அப்பா.

"அம்மா வராங்க. இன்னிக்குச் சீக்கிரம் வந்துடுவாங்க."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்குத் தெரியும்."

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். இருட்டத் தொடங்கியது. அப்பா ஒரு காலில் ஷூவைப் போட்டார். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு துடைத்தார். பளபளவென்று துடைத்தார். அந்த ஷூவில் அவர் முகம் தெரிந்தது, பின்னால் சுவரும் தெரிந்தது, அம்மா மட்டும் தெரியவில்லை.

"அடுப்பு காத்திருக்கும்டா" என்றார் கடைசியில்.

"இன்னும் கொஞ்சம்ப்பா."

"அடுப்புக்குக் கொஞ்சம் தெரியாது. சூடுதான் தெரியும்."

அவர் கிளம்பிக் கதவைத் திறந்தபோது படியில் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. அம்மா. வகிடு கலைந்திருந்தது. மூச்சு வாங்கியது. கட்டெறும்பைப் பார்த்ததும் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கடி போன?"

"எங்கயும் போகலம்மா. நேரா வீட்டுக்குத்தான் வந்தேன்."

"நோட்டு வரிசைக்கு ஏன் வரல? நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். வரல. வேற வரிசையில நிக்கறியோன்னு பென்சில் வரிசை கேமராவை எழுப்பினேன். இல்ல. பொம்மை வரிசையை எழுப்பினேன். இல்ல. சோப்பு, வாளி, துடைப்பம்னு கடையில இருக்கற கேமரா அத்தனையையும் திரும்பத் திரும்ப எழுப்பிட்டேன்."

"வாளி வரிசையில நான் எதுக்கும்மா நிக்கப் போறேன்?"

"வாளிக்குள்ள ஒளிஞ்சிருந்தா?"

"வீட்டுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்றார் அப்பா.

"பண்ணினேன். உங்க போன் தும்முது."

அது உண்மை. அப்பாவின் போன் மாவு மூட்டைக்குள் விழுந்து எழுந்ததிலிருந்து மணி அடிப்பதில்லை. தும்முவதோடு சரி.

"செக்யூரிட்டி அண்ணன்கிட்டயும் கேட்டேன். 'குரங்கையே பார்த்துக்கிட்டிருந்தேம்மா, புள்ளையப் பார்க்கல'ன்னுட்டார். அதுக்குள்ள நான் எழுப்பின கேமராவுல பாதி செத்துப்போச்சு. எல்லாத்துக்கும் பேட்டரி போட்டுட்டுத்தான் போகணும்னு மேனேஜர் நிக்கறார். பேட்டரி கீழ விழுது. விழுந்தது அலமாரி அடியில ஓடுது."

அம்மா சீக்கிரம் வரட்டும் என்றுதான் கட்டெறும்பு போகாமல் இருந்தாள். அதனாலேயே அம்மா என்றைக்கும்விட லேட்.

"அந்தக் குரங்கு நான்தாம்மா" என்றாள்.

ரிப்பேர் அக்கா சொன்னதையெல்லாம் அவள் சொன்னாள். சொல்லி முடித்ததும் அம்மா திடுக்கிடவில்லை. சாவிக் கொத்தை எடுத்து ஒவ்வொரு சாவியாகத் தள்ளினார்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் கட்டெறும்பு.

"கொஞ்ச நாளாத் தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

அம்மா கடைசிச் சாவிக்கு வந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தள்ளினார். "நாள் பூரா சோப்பும் வாளியுமாத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். காலி அடுக்கு, நிறைஞ்ச அடுக்கு, காலி அடுக்கு. நடுவுல உன் மூஞ்சி வரும். அதை வராதேன்னு எப்படிச் சொல்றது?"

கீழ்வீட்டில் யாரோ குழாயை மூடினார்கள்.

"அப்ப நீங்க ரெண்டு பேருமாச் சேர்ந்துதான் என் சாப்பாட்டுல மண்ணள்ளிப் போட்டிருக்கீங்க" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லிப் பார்த்தார். வரவில்லை. இருவர் தலையையும் ஒருமுறை தொட்டுவிட்டுப் படி இறங்கினார்.

அன்று கட்டெறும்பு மூன்று தட்டையும் ஒன்றாகத்தான் கழுவினாள். ஆனால் அதில் அப்பா தட்டும் அம்மா தட்டும் அழுக்கே ஆகவில்லை. அது கணக்கில் சேராது.

கழுவிக்கொண்டே கேட்டாள். "அம்மா, லேபிள் எழுத்தைக் காட்டிக்கிட்டே நின்னா நிஜமாவே செலவில்லையா?"

"இல்ல. பேட்டரியைக் கழட்டி எடுத்தாக்கூட எழுத்து அப்படியே நிக்கும்."

"காலையில எல்லா விலையும் மாத்துவியே, அப்ப எப்படியும் லேபிள் முழிக்கும்தானே?"

"முழிக்கும்."

"அப்ப என்னோட பதிலையும் அது கூடவே அனுப்பிடு. தனியா எழுப்ப வேணாம். எழுத்து சாயங்காலம் வரைக்கும் அங்கயே நிக்கட்டும். நான் வந்து படிச்சுக்கிறேன்."

அம்மா துணியால் கையைத் துடைத்தபடி நின்றார். "நீ இன்னிக்குச் சொல்றதுக்கு நாளைக்குத்தானேடி பதில் வரும்?"

"வரட்டும். என்ன பதில் வந்திருக்கும்னு நினைச்சுக்கிட்டே இருப்பேன்."

"நீ சொல்றதை நான் எப்படிப் பார்க்கறது?"

"நான் போய் நின்னதும் கேமரா முழிச்சு ஒரு படம் எடுக்கும்ல? அந்த ஒரே ஒரு படம்தான். அது எடுத்து முடிக்கற வரைக்கும் நான் அசைய மாட்டேன்."

"நீயா?" என்றார் அம்மா.

"நானேதான்."

அம்மா சிரித்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, ஆனாலும் புரையேறியது.

அடுத்த நாள் காலையிலிருந்து கட்டெறும்புக்கு வேறு வேலை ஓடவில்லை. ஒரு நாள் முழுவதையும் ஒரே படத்தில் அடக்க வேண்டும். இடது கையில் எதைப் பிடிப்பது, வலது கையில் எதைப் பிடிப்பது? வாயைத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா? புருவம் ஒன்றை மட்டும் தூக்கினால் கணக்குப் பாடம் என்று அம்மாவுக்குப் புரியுமா? இதையெல்லாம் யோசித்துக்கொண்டு அவள் வகுப்பில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் பயந்துபோய் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தார்.

சாயங்காலம் நோட்டு வரிசைக்கு வந்தாள். செக்யூரிட்டி மாமா குடையோடு ஒதுங்கி வழிவிட்டார்.

காலிக் கொக்கியின் லேபிளில் காலையிலிருந்தே ஒரு வரி அவளுக்காகக் காத்திருந்தது.

'சுவர்ல எந்தப் பக்கம்?'

படத்தைப் பற்றி முந்தைய இரவு அவள் சொல்லியிருந்தாள். சொல்ல மறந்தது அது ஒன்றுதான்.

கட்டெறும்பு கேமராவுக்கு நேராக நின்றாள். வலது கையால் ஒரு கரும்பலகையை வரைந்து அப்படியே காற்றில் நிறுத்தினாள். இடது கையை அதற்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள். வாயை மூடவில்லை. உறைந்து நின்றாள்.

மூக்கு அரித்தது. அசையவில்லை. எங்கிருந்தோ ஒரு கொசு வந்து காதைச் சுற்றி முழுநீளப் பாட்டு ஒன்று பாடியது. அசையவில்லை. கடையில் அதற்கு முன்பு அப்படி அசையாமல் நின்றது துணி வரிசையில் இருக்கும் பொம்மை மட்டும்தான். அதுகூட அன்று கொஞ்சம் பொறாமைப்பட்டதாகக் கேள்வி.

கேமராவின் சின்னச் சிவப்பு விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. படம் எடுத்தாகிவிட்டது.

இப்போது அதை எழுப்பாமல் போக வேண்டும். கட்டெறும்பு இருந்த இடத்திலேயே மெதுவாகக் குந்தினாள். கேமராவின் பார்வைக்குக் கீழே போனதும், பக்கவாட்டில் கால் வைத்து நகர்ந்தாள்.

"கட்டெறும்பா இருந்த, இப்ப நண்டா ஆயிட்டியா?" என்றார் செக்யூரிட்டி மாமா.

"ச்சூ, சத்தம் போடாதீங்க மாமா. தூங்குது."

அவர் உடனே குரலைத் தாழ்த்தினார். "குரங்கா?"

"இல்ல மாமா, கேமரா. குரங்கு இனிமே வராது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அதுவே சொல்லுச்சு."

செக்யூரிட்டி மாமா தலையாட்டினார். பென்சில் விலை கேட்ட குரங்கு இதையும் சொல்லியிருக்கும் என்று நம்புவதில் அவருக்குக் கஷ்டம் இல்லை.

அப்படியே நாள்கள் போயின. ஒரு நாளைக்கு ஒரு படம். மறுநாள் ஒரு பதில். நோட்டு வரிசையில் சாவு குறைந்தது. பிறகு நின்றது. மேனேஜர் எல்லாரையும் கூட்டி, குரங்கைத் துரத்திய செக்யூரிட்டி மாமாவுக்குக் கைதட்டச் சொன்னார். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியது கட்டெறும்பின் அம்மா.

ஒரு சாயங்காலம் அப்பா இரண்டாவது சாக்ஸைத் தேடிக்கொண்டிருந்தபோது படியில் காலடி கேட்டது. அவர் ஒற்றைச் சாக்ஸோடு நிமிர்ந்தார். கதவு திறந்தது.

"வெளிச்சம் இன்னும் இருக்கே" என்றார் அப்பா. வேறு எதுவும் அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை.

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். முதலில் யாரும் பேசவில்லை. இத்தனை நாள் படியில் பேசிப் பழகிவிட்டது. உட்கார்ந்து எப்படிப் பேசுவது என்பது மறந்துபோயிருந்தது. பிறகு அப்பா, நேற்று அடுப்பில் ஒரு ரொட்டி உப்பி உப்பி, கூரையை முட்டி, அதைக் கீழே இறக்க ஏணி கொண்டுவந்த கதையைத் தொடங்கினார். அம்மா சிரித்தார். புரையேறியது. கட்டெறும்பு எழுந்து அம்மாவின் தலையில் தட்டினாள்.

அன்று மூன்று தட்டும் ஒன்றாகவே அழுக்காயின.

அப்பா கிளம்பிய பிறகு அம்மா பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஓரம் உடைந்த ஒரு லேபிள். பேட்டரி போடும் இடம் நொறுங்கியிருந்தது.

"காலிக் கொக்கியில இருந்தது. சரக்கு வண்டி இடிச்சிடுச்சு. அங்க புதுசு போட்டாச்சு. தூக்கிப் போடறதை எடுத்துக்கட்டுமான்னு மேனேஜர்கிட்ட கேட்டேன், எடுத்துக்கோன்னார்."

"செத்துப்போச்சா?"

"இடிபட்டும் கொஞ்ச நேரம் உயிர் இருந்துச்சு. அதுக்குள்ள கடைசியா ஒண்ணு எழுதிட்டேன்."

கட்டெறும்பு அதைத் திருப்பிப் பார்த்தாள்.

'வந்துக்கிட்டே இருக்கேன்.'

அதை அவள் வாசல் கதவுக்குப் பக்கத்தில், மாடிப்படியைப் பார்த்தபடி ஒட்டி வைத்தாள்.

இப்போதும் சில நாள்கள் அம்மாவுக்கு லேட்டாகிறது. பண்டிகைக் கூட்டம் என்றால் லேட். மழை என்றால் லேட். அப்படிப்பட்ட நாள்களில் அப்பா ஷூவைத் துடைத்துக்கொண்டே, "என்னவாம் உங்க அம்மா?" என்று கேட்பார்.

கட்டெறும்பு எட்டிப் பார்த்து லேபிளைப் படிப்பாள். உள்ளே பேட்டரி கிடையாது. எழுத்து மட்டும் அப்படியே நிற்கும்.

"வந்துக்கிட்டே இருக்காங்களாம்ப்பா" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது தட்டை எடுத்து மேசையில் வைப்பாள்.